பூ மூட்டைக்கு வைத்த ஸ்பிரிங்

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மழைக்காலம். தோவாளைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். சம்பவம் நடந்ததும் அந்தச் சானல் கரையில்தான்.

என் கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். மலைப்பாதை ரூட்டில் வருஷக்கணக்காக ஸ்டியரிங் பிடித்ததில் முதுகுத்தண்டில் வட்டு விலகி, ஆபரேஷன் வரை போய்விட்டது. இனி வண்டி ஓட்டவே கூடாது, பின்னால் நேராக உட்கார்ந்து போகலாம், குலுக்கல் மட்டும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூட அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளர். எங்கள் தெருவில் பூ வியாபாரம் செய்யும் அக்கா புது வண்டி எடுத்தபோது, அவருடைய பழைய ஸ்கூட்டரை நான் வாங்கிக்கொண்டேன். எத்தனை தடவை கழுவினாலும் சீட்டுக்கு அடியிலிருந்து பிச்சிப்பூ வாசனை வரும்.

டிரைவர் சீட்டு போன பிறகு என் கணவருக்கென்று மிச்சம் இருந்தது அவருடைய குரல் ஒன்றுதான். அவர் பிறந்து வளர்ந்த ஊர் சர்ச்சில் பாடகர் குழுவில் பாஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர். கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றின் முடிவில், மற்ற எல்லாரும் நிறுத்திய பிறகு, அவர் மட்டும் தாழ்ந்த குரலில் ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்து நிற்க வேண்டும். அந்த இடம் வந்தால் சின்னப் பிள்ளைகள்கூட சத்தம் போடாது. சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி. கூட்டிக்கொண்டு போக வேண்டியது நான்.

நூறு பேரை வைத்து கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸைத் திருப்பிய மனுஷன் பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? நான் பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னால் அவருடைய வலது கால் ஃபுட்ரெஸ்டை அழுத்தும். ஆனாலும் முதல் சனிக்கிழமை பாட்டை முனகிக்கொண்டேதான் வந்தார். ஒவ்வொரு குழியிலும் பாட்டு அறுந்து அறுந்து மறுபடி தொடங்கும். அடுத்த சனிக்கிழமை முனகலே இல்லை. "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல." எப்போது கேட்டாலும் இதே பதில்தான். எனக்குப் பின்னால் உட்காரக் கூச்சப்படுகிறார் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். மனசுக்குள் கொஞ்சம் கோபமும் இருந்தது.

இருந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கனமான ஸ்பஞ்ச் ஒன்றை வெட்டி அவர் உட்காரும் இடத்தில் கட்டினேன். சீட்டு உயர்ந்துபோய் கால் எட்டாமல், நான் பிரேக் பிடித்ததும் மொத்தமாக என் முதுகில் வந்து சாய்ந்தார். ஸ்பஞ்ச் அன்றைக்கே நாய்க்குப் படுக்கையாகிவிட்டது.

அதற்கடுத்த வாரம் அவர் தன் பங்குக்கு ஒரு வேலை செய்திருக்கிறார். எனக்குத் தெரியாமல், பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லி பின் டயரில் காற்றைக் குறைத்துவிட்டார். டயர் மெத்தென்று இருந்தால் குலுக்கல் தெரியாது என்பது அவருடைய கணக்கு. புறப்பட்டதும் எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. சானல் கரை வளைவில் திரும்பினேன். மழைச் சேறு வேறு. வண்டியின் பின்பக்கம் மீன் வாலை ஆட்டுவதுபோல இரண்டு பக்கமும் ஆடியது. ஹேண்டில் என் கைக்கு அடங்கவில்லை. காலை ஊன்றி எப்படி நிறுத்தினேனோ தெரியாது, முன் சக்கரம் கரை விளிம்பில் நின்றது. கீழே சானல் நிரம்ப ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் விழுந்திருந்தால் அவருடைய முதுகு என்னவாகியிருக்கும்?

அவர் மெதுவாக இறங்கி நின்றார். டயரைப் பார்த்தார். காற்றைக் குறைத்தது தான்தான் என்றார். பிறகு, "போதும்ட்டீ. பாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் இனி வரல, அவங்க வேற ஆளப் பாக்கட்டும்" என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவ்வளவு அமைதியாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம், வண்டியில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங்கில் சேறு போனதும், அதன் அடியில் ஒரு வளையம் தெரிந்தது. வளையத்தின் ஓரத்தில் ஏணிப்படி மாதிரி மூன்று படிகள். ஒரு சின்னக் குமிழ் கடைசிப் படியில் முட்டிக்கொண்டு நின்றது. என் புத்தி எப்போதும் இப்படித்தான், படி என்று ஒன்று இருந்தால் அது எங்கே ஏறுகிறது என்று பார்த்தாக வேண்டும். உற்றுப் பார்த்தேன். வளையம் சுற்றச் சுற்ற ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே போகிற அமைப்பு. ஆய்வகத்தில் ஸ்பிரிங்கில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு எத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! தினமும் அதே சாமானின் மேல் உட்கார்ந்து போகிறேன் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

உடனே பூ வியாபாரி அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அது எப்பளும் மேல் படியிலதான் கெடக்கும் மக்கா. நனைஞ்ச பிச்சிப்பூ ரெண்டு மூட்டை ஏத்துனா வண்டி குண்டி தரையில இடிக்கும்லா? அதுக்கு வச்சது. மூட்டைக்கு வலிக்கவா போவுது?"

நாங்கள் இரண்டு பேரும் ஒல்லி. அந்த ஸ்கூட்டர் மட்டும் இன்னும் பூ மூட்டை வரும் என்று விறைத்துக்கொண்டே நின்றிருக்கிறது.

திருப்புவதற்கு வளைந்த மூக்கு வைத்த ஸ்பேனர் ஒன்று வேண்டும், வண்டியோடு கொடுத்தேனே என்றார் அக்கா. கொடுத்தார்தான். அது என்னவென்று தெரியாமல் அடுக்களையில் ஆணியடித்து, மட்டி வாழைப்பழச் சீப்பு தொங்கவிட்டிருந்தேன். பழத்தை இறக்கி வைத்துவிட்டு ஸ்பேனரோடு வந்தேன். வளையம் அசைய மறுத்தது. நான் முக்குகிற சத்தம் கேட்டு அவர் வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல் இருந்தார். டிரைவர் அல்லவா, எவ்வளவு நேரம் தாங்கும்?

"அந்தப் பக்கம் ஏத்துற பக்கம்லா, அதுக்கு மேல படி இல்ல. இங்கோட்டு திருப்பு. பைய, பைய."

வளையம் ஒருவழியாக ஒரு படி இறங்கியது. திருப்பினால் மட்டும் போதுமா? எந்தப் படி சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவரைக் கேட்டால் எந்தப் படியிலும் "இல்ல" என்றுதான் சொல்வார். அப்போதுதான் முதல் சனிக்கிழமை அறுந்து அறுந்து வந்த அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். அந்தக் கடைசி சுரத்த மட்டும் பிடிச்சிக்கிட்டு பின்னால இரிங்க" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் ஆர்வம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

முதலில் டயரில் சரியாகக் காற்று அடித்தோம். ஒப்பிட வேண்டுமே, அதனால் வளையத்தைப் பழைய மேல் படிக்கே திருப்பி வைத்தேன். சானல் மேல் இருக்கும் சிறிய பாலத்திலிருந்து பால் சொசைட்டி வரைக்கும் மெதுவாக ஓட்டினேன். அவர் சுரத்தைப் பிடித்தார். ஒவ்வொரு குழியிலும் அது துண்டு துண்டாக உடைந்தது. ஒரு சின்ன மேட்டில் குரல் 'ஹுக்' என்று நின்றே போனது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி புரிந்தது. இத்தனை நாளும் ஒவ்வொரு குழியும் இவரை இப்படித்தான் அடித்திருக்கிறது.

வண்டியை நிறுத்தினேன். அவரே சொன்னார். "உயிரு போவும்ட்டீ. நீ நல்லாத்தான் ஓட்டுத. வலிக்குன்னு சொன்னா, உன் ஓட்டுதான் சரியில்லன்னு நீ நெனச்சிருவியேன்னுதான்…"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கூச்சம் என்று நினைத்தேன். அவர் என் ரோஷத்தைக் காப்பாற்றிக்கொண்டு வலியைத் தின்றிருக்கிறார்.

அடுத்தது கீழ்ப் படி. குழிகளில் சுரம் எண்ணெயாக வழுக்கிப் போயிற்று. இதுதான் என்று மனசுக்குள் குதித்தேன். ஆனால் வேகத்தடையில் பின்பக்கம் ஒரேயடியாக அமுங்கி 'டங்' என்று இடித்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வளைவில் ஹேண்டிலும் கனமே இல்லாமல் மிதப்பதுபோல் இருந்தது. அது பிடிக்கவில்லை, அந்த வளைவைக் கண்டாலே எனக்கு ஆகாது. எதிரே சைக்கிளில் வந்த டீக்கடைக்காரர் நின்று, "அண்ணாச்சிக்கு என்ன செய்யுது?" என்று என்னிடம் கவலையாகக் கேட்டார். அண்ணாச்சி சுரத்தை விடாமல், கையை மட்டும் ஆட்டி, போ போ என்றார்.

கடைசியாக நடுப் படி. குழியில் சுரம் லேசாக அலை அடித்தது, உடையவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கியது, நிற்கவில்லை. சானல் கரை வளைவில் வண்டி நான் சொன்ன இடத்துக்குப் போயிற்று. பால் சொசைட்டி தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. நானும் வண்டியை நிறுத்தவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு, மற்ற எல்லாரும் பாடி முடித்த பிறகு, சர்ச்சில் அந்த ஒற்றைக் குரல் நின்றது. ரோட்டில் கேட்ட அளவுக்கு நன்றாக இல்லை என்று நான் சொன்னதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

வார நாட்களில் நான் தனியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறேன். என் ஒருத்தி எடைக்கு நடுப் படி கொஞ்சம் விறைப்புதான், குழியில் வண்டி லேசாகத் துள்ளும். ஸ்பேனரை எடுத்து ஒரு படி இறக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அதில் மறுபடியும் மட்டிப்பழம் தொங்குகிறது, நான் அதைத் தொடுவதில்லை. ஒவ்வொரு துள்ளலிலும், பின்னால் அவருக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறேன் என்பதை அந்த வண்டி எனக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது.