பார் பிடிக்காத நிலம்

வைசன் என்னைப் போலவே வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் டோவா மாவட்டத்தில் எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் இதுதான் கதி. நிலம் பெண்டாட்டியுடையது, பிள்ளைகள் அவள் குலம். அவளுடைய தாய்மாமன் கிளம்பச் சொன்னால், மண்வெட்டியும் போர்வையுமாகக் கிளம்ப வேண்டியதுதான். வைசனின் பெண்டாட்டி ஃபெலியாத்தாவின் முதல் புருஷன் அப்படித்தான் போனான். சோம்பேறி என்று சொன்னார்கள்.

மாப்பிள்ளை சோம்பேறியா என்று மழைக்கு முன்னால், அக்டோபரில் தெரிந்துவிடும். மண்ணை வரிசை வரிசையாக வாரி அணைத்து முழங்கால் உயரத்துக்குப் பார் பிடித்திருந்தால் ஆள் தேவலை. நிலம் சப்பையாகக் கிடந்தால் போச்சு.

வேளாண் அதிகாரி ஒருவர் வந்து, பார் பிடிக்காதீர்கள், மக்காச்சோளத் தட்டையை நிலத்திலேயே பரப்பிவிட்டுக் குழியில் விதையுங்கள், ஈரம் நிற்கும் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். செய்தவன் வைசன் மட்டும்தான், அதுவும் கால்வாசி நிலத்தில். அந்த வருஷம் பிப்ரவரியில் மழை நின்றது. எங்கள் பயிரெல்லாம் கருகியது, அவனுடைய கால்வாசி மட்டும் பச்சையாக நின்றது. கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். என் பெண்டாட்டிக்கும் தாய்மாமன் இருக்கிறார்.

அடுத்த அக்டோபரில் அவன் நிலம் முழுக்கத் தட்டை பரப்பினான். ஊரே குனிந்து வெட்டிக்கொண்டிருக்க, அவன் கதவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, மண்வெட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சா?"

"நெலத்தைப் பெருக்கக்கூடத் தெம்பில்லபோல!"

நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஃபெலியாத்தாவின் தாய்மாமன் கஸ்டன் வந்து நிலத்தோரம் வெகுநேரம் நின்றார்.

"போன வருஷம் நல்லா வெளஞ்சுதே மாமா," என்றான் வைசன்.

"வெளஞ்சுது, யாரு இல்லேன்னா? ரோட்டுல போறவன் உன் மூட்டையவா எண்ணுறான்? நெலத்தைத்தான் பாக்குறான்."

சனிக்கிழமை ஃபெலியாத்தாவின் தம்பிகள் வைசன் பரப்பிய தட்டைக்குத் தீ வைத்தார்கள். எலி பிடிக்கத் தீ வைப்பது இங்கே புதிதல்ல, யாரும் அதைத் தப்பென்று சொல்லமாட்டார்கள். அன்று சாயங்காலம் வைசன் தட்டில் சோளக் களியும் நாலு எலியும் இருந்தன. மறுநாள் அவனேதான் சொன்னான்.

"எங்க புடிச்சது?" என்று ஃபெலியாத்தாவிடம் கேட்டானாம்.

"சாப்பிடு."

"நம்ம நெலத்துலயா?"

"மாமாதான் சொன்னாரு. இன்னும் ஒரு புருஷனைத் தேடிக்கிட்டு அலைய என்னால முடியாதுய்யா. சாப்பிடு."

சாப்பிட்டான். ருசியாக இருந்ததா என்று கேட்டேன். உப்பு சரியாக இருந்தது என்றான். முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மண்வெட்டியை எடுத்தான். மூன்று வாரம் வெட்டினான். ஊரில் அத்தனை நேரான பார் யாருக்கும் இல்லை.

பிப்ரவரியில் மறுபடி மழை நின்றது. எல்லாருடையதோடு அவனுடையதும் காய்ந்தது. கஸ்டன் அவன் தோளில் தட்டினார்.

"மழை பெய்யலேன்னா யாரு என்ன பண்றது? ஆனா வேலை சுத்தம்யா. நூல் புடிச்ச மாதிரி வெட்டியிருக்கே."

வைசன் தலையாட்டினான். அவன் சின்ன மகள் அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஏப்ரலில் அதிகாரி ஒரு தாளோடு வந்தார்.

"நல்லாத்தானே போச்சு, ஏன் விட்டுட்டீங்க? விதை கெடைக்கலையா? ஆள் பத்தலையா?"

"இடுப்பு வலி," என்றான் வைசன்.

"பார் வெட்டுறதுலதானே இடுப்பு ஒடியும்?"

அதிகாரி எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் ஏன் தொடங்கவே இல்லை என்று கேட்டார்.

எனக்கும் இடுப்பு வலி என்றேன்.