சோதனைச் சாவடியில் ஓடிய தண்ணீர்

யுத்த காலத்தில் மாத்தளையில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். படம் திருத்தும் கம்ப்யூட்டர் சூடேறி அடிக்கடி நின்றுவிடும். குழாயில் தண்ணீர் ஓடவிட்டு அதைக் குளிரவைக்கலாம் என்று படித்து, வரைபடம் போட்டேன். பக்கத்து ஊரான நாலந்தாவில் ஒரு கராஜில் சின்ன ரேடியேட்டர் வாங்கி, மீன்தொட்டி பம்ப், குழாய், வயர்களோடு பஸ் ஏறினேன்.

வழியில் பலாபத்வலைச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். வயர்களையும், அம்புக்குறி போட்டுத் தமிழில் எழுதிய வரைபடத்தையும் பார்த்துக் குண்டோ என்று சந்தேகப்பட்ட அதிகாரி, "இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கம்ப்யூட்டருக்குத் தண்ணி விட, சேர்."

"கம்ப்யூட்டருக்கு யாராவது தண்ணி விடுவாங்களா?"

நான் சொன்ன உண்மை எனக்கே பொய்யாகக் கேட்டது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. எங்கள் தெருவில் இப்படிச் சந்தேகத்தில் பிடித்துக் கூட்டிப்போன ஒருவர் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

"ஒரு வாளி தண்ணி குடுங்க, ஓட்டிக் காட்டுறேன், சேர்" என்று கெஞ்சினேன். குழாய்களை மாட்டி, அவர்களுடைய பிளக்கிலேயே பம்பைப் போட்டேன். தண்ணீர் ஓடியது. திடீரென்று ரேடியேட்டர் மூட்டில் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்ல நேரம், இங்கேயே ஒழுகிருச்சு. கம்ப்யூட்டர் தப்பிச்சது. போங்க" என்றார்.

அடுத்த பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். இப்போதெல்லாம் ஒரு நாள் முழுக்க வெளியே ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் குழாய்களைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிறேன். வரைபடத்தில் சிங்களத்திலும் எழுதிவைக்கிறேன்.