முதலாவது 'காணும்'

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாற வந்தவர் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை எல்லாம் கட்டியிருந்தார் – மிகவும் மரியாதையான பிள்ளை. ஒரு கரண்டி சோறு வைத்தார். "காணும்" என்றேன்.

போய்விட்டார்!

திரும்பியும் பார்க்கவில்லை. நானும் எவ்வளவு நேரம்தான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பது? கை கழுவி, மொய் எழுதி, வீட்டுக்கு வந்து இரண்டு துண்டு பாண் வெட்டிச் சாப்பிட்டேன்.

அவரில் பிழை சொல்ல முடியாது. 'காணும்' என்றால் போதும் என்றுதான் அர்த்தம். ஆனால் யாழ்ப்பாணத்தில், எங்கள் தீவுப் பக்கத்தில் அது ஒரு தரம் சொல்லி முடிகிற சொல்லா?

எனக்கு இதைப் படிப்பித்தது அம்மா. நயினாதீவில் சாப்பாட்டுக்கடை நடத்தியவர். இறங்குதுறையிலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டு முன்விறாந்தைதான் கடை. உட்கார நாலைந்து வாங்கு, வாழையிலை, குத்தரிசிச் சோறு, கடைசியில் தேங்காய்ப்பால் சொதி. பெயர்ப்பலகை கிடையாது. 'அக்கா கடை' என்று கேட்டால் வள்ளக்காரர் கை காட்டுவார்கள்.

அம்மா ஆசைப்பட்டுத் தொடங்கிய கடை இல்லை. அப்பா மாத்தறையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எண்பத்திமூன்று யூலைக் கலவரத்தில் அது எரிந்தது. உடுத்த சாரத்தோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். அம்மா சமைக்கிற குசினியின் வாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான்... மாதக்கணக்கில் அசையவில்லை. அடுப்பெரிய வேண்டுமே என்றுதான் அம்மா கடையைத் திறந்தார்.

அப்பாவுக்குப் பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. சாப்பாடும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பிடி சோறு, ஒரு "காணும்", உடனே கையைக் கழுவிவிடுவார். மனைவி உழைத்துப் போடுகிற சோற்றில் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. எலும்பும் தோலுமாகப் போய்க்கொண்டிருந்தார். இந்த மனிதர் எங்களுக்கு மிஞ்சுவாரா என்று எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா ஆறுதல் சொல்லுகிற ஆள் இல்லை. கோயில் திருவிழா நேரம். வாங்குகள் நிரம்பி, வாசலிலும் சனம். அம்மா சொதி வாளியையும் அகப்பையையும் கொண்டுவந்து அப்பாவின் காலடியில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, எனக்கு ரண்டு கைதான். இதை ஒருக்கா ஊத்திக்கொண்டு போங்கோ."

"எனக்கு உது ஏலாது."

"ஏலாட்டில் விடுங்கோ. சனம் வெறுஞ்சோறு தின்னட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா வாளியைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். எழும்பினார்!

அகப்பையைச் சரித்ததும் முதலாவது ஆள் "காணும் அண்ணை" என்றார். அப்பா டக்கென்று நிறுத்திவிட்டு அடுத்த இலைக்குப் போனார். பலசரக்குக் கடைக்காரர் அல்லவா? போதும் என்று சொன்ன பிறகும் தராசில் சாமான் போடுவாரா? ஒரு சுற்று நொடியில் முடிந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்தால், வாளி நிறையச் சொதி இருக்கிறது, இலையெல்லாம் காய்ந்து கிடக்கிறது.

"என்னப்பா, ஒருத்தருக்கும் ஊத்தேல்லையோ?"

"ஊத்தினனான். காணுமெண்டிச்சினம், விட்டிட்டன்."

"ஐயோ கடவுளே! முதலாவது காணும் மரியாதைக்கு. ரண்டாவதுதான் வயித்துக்கு. திரும்பப் போங்கோ!"

அனலைதீவிலிருந்து வந்திருந்த ஒருவர் இலையை முன்னுக்குத் தள்ளினார். "அக்கா வந்து சொன்னாப் பிறகுதானே அண்ணை உங்களுக்கு விளங்குது. இனி ஊத்துங்கோ, நான் வாயே திறக்கமாட்டன்."

வாங்கு முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்துவிட்டார். மாத்தறையிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சனம் கலைந்ததும் அம்மா அவருக்கு இலை போட்டார். ஒரு கரண்டி சோறு விழுந்தவுடன் பழக்கதோஷம் – "காணும்" என்றார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார்.

"இது எத்தினையாவது?"

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "முதலாவது."

அம்மா போட்டார். அப்பா சாப்பிட்டார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு அந்த வாளி அப்பாவின் கையை விட்டு இறங்கவில்லை. யுத்தத்தில் வள்ளங்கள் ஓடாமல் சாமான் தட்டுப்பாடான காலத்தில் சோறு கஞ்சியானது. கஞ்சிக்கும் அப்பா இரண்டு தரம் கேட்டுத்தான் விட்டார். அக்கா கடையிலிருந்து யாரும் அரைவயிற்றோடு எழும்பியதாக எனக்கு நினைவில்லை. எங்கள் அப்பாவை எங்களுக்குத் திருப்பித் தந்ததும் அந்தக் கடைதான். அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? சொன்னாலும், "உனக்கு வேறை வேலை இல்லையோ பிள்ளை?" என்றுதான் கேட்டிருப்பார்.

தொண்ணூற்றைந்தில் அம்மா படுக்கையில் விழுந்தார். அப்பாதான் பக்கத்தில் இருந்து கரண்டியால் கஞ்சி பருக்குவார். ஒருநாள் அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காணுமப்பா. உங்களோடை நல்லா வாழ்ந்திட்டன். எனக்குக் காணும்."

அப்பா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இது மரியாதைக்குச் சொல்லுறீர். ரண்டாவதைச் சொல்லும் பாப்பம்."

அம்மா சிரித்தார். இரண்டாவதைச் சொல்லவில்லை. சொல்லாமலே போய்விட்டார்.

உங்களோடு இருந்தது எனக்கும்தான் காணாது, அம்மா.