ஏட்டு அண்ணன் என் கனவுக்கு மட்டும் வரவில்லை

அடுத்தவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. ஒரே நிபந்தனை, பார்க்கிறவன் தூங்கிவிடக் கூடாது.

தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி மாடியில் இருக்கிறது எங்கள் தூக்கப் பரிசோதனை அறை. குறட்டைக்காரர்களும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொக்கிப் போகிறவர்களும் ராத்திரி வந்து படுப்பார்கள். தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் பசை வைத்து வயர் ஒட்டுவேன். பிறகு அடுத்த அறையில் உட்கார்ந்து, அவர்கள் மூளை கிறுக்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்கு முன்னால் நான் மைக்செட் போட்டவன். கோயில் கொடைத் திருவிழாக்களில் ஊர் ஊராகத் தூக்கத்தைக் கெடுத்த பாவத்துக்கு இது பரிகாரம் என்பாள் என் மனைவி. வயர் வேலை தெரியும் என்று டாக்டரம்மா சேர்த்துக்கொண்டார். மூளையை நானாகத்தான் படித்தேன், ஒரு கையில் போன், ஒரு கையில் அகராதி.

ராத்திரி ஷிப்ட் பார்க்கும் சக பாவிகளே, பகல் தூக்கத்தின் லட்சணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலகரத்தில் என் வீட்டு ஜன்னலுக்கு நேரே வந்துதான் மீன்காரர் ஹார்ன் அடிப்பார். அதோடு தூக்கம் போகும். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

தலைக்குக் குளித்தவர்

பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் போனிலேயே சொல்லிவிடுவோம்: தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் கூடாது. எண்ணெய்த் தலையில் பசை நிற்காது. வாசுதேவநல்லூரிலிருந்து எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். வாசலில் நுழையும்போதே மணம் வந்துவிட்டது. குற்றாலத்தில் இறங்கி, கல்லில் உட்கார்ந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் சொல்லி, அருவியில் நின்றுவிட்டு நேரே வந்திருக்கிறார்.

ஒட்டினேன். வழுக்கியது. துடைத்து ஒட்டினேன். வலது பக்க வயர் மெதுவாக நடந்து கழுத்துக்கு வந்தது. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டாத குறைதான். "போன்ல அவ்வளவு சொன்னேனே அண்ணாச்சி" என்று நான் அழாத குறையாகக் கேட்டதற்கு அவர் சொன்னார்: "குத்தாலம் வரைக்கும் வந்துட்டு எண்ணெய் தேய்க்காமப் போனா, ஊர்ல நான் நெசமாவே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கேன்னு நெனச்சிருவானுவளே தம்பி!"

ஏட்டு அண்ணன் ரவுண்ட்ஸ்

இப்போது என் சொந்தக் கதை. என் அண்ணன் போலீஸில் ஏட்டு. சீசன் வந்தால் குற்றாலம் மெயின் அருவியில் பந்தோபஸ்து. அருவிக்கு அடியில் போய் நின்றவனை வெளியே எடுப்பது லேசான காரியம் இல்லை. அண்ணன் விசிலை ஊதி, "போதும்லே, அடுத்த ஆளுக்கு விடு" என்று ஒரு சத்தம் போட்டால் கூட்டம் தானாக நகரும். போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நான் பந்தலுக்கு லைட் கட்டிக்கொண்டிருந்தேன். வயரைக் கண்டால் கை அந்தப் பக்கம்தான் போகும்.

அதற்குப் பிறகு அண்ணன் எல்லார் கனவிலும் வர ஆரம்பித்தார். மதினி கனவில் வந்து, "மோட்டார ஆஃப் பண்ணுனியா?" என்று கேட்டாராம், எழுந்து போய்ப் பார்த்தால் டேங்க் நிரம்பி வழிகிறது. என் மனைவி கனவில் வந்து சட்னியில் உப்பு இல்லை என்றாராம். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கும் சுடலையாண்டி கனவில்கூட வந்து சீனி இல்லாத டீ கேட்டிருக்கிறார். கூடப் பிறந்த எனக்கு ஒரு தரம் காட்சி கொடுக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும், அதுதான் கொடுமை. இமைக்குள் கண்கள் உருளும் ஒரு கட்டம் தூக்கத்தில் உண்டு. விவரமான கனவெல்லாம் பெரும்பாலும் அப்போதுதான். விடியும் நேரம் நெருங்க நெருங்க அந்தக் கட்டம் நீளும். மனசைச் சுட்ட விஷயங்களை மூளை அப்போது மறுபடியும் வெளியே எடுத்து, கொஞ்சம் சூடு ஆற்றி உள்ளே வைக்கிறது என்று சில ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்கள். விடியும் நேரம் நான் திரையின் முன்னால் முழித்துக்கொண்டிருக்கிறேன். பகலில் போடுவதோ கோழித்தூக்கம். அண்ணன் எந்த வழியாக வருவார்? ஒரு தரம், ஒரே ஒரு தரம் பார்த்தால் போதும் என்றிருந்தது எனக்கு. சுடலையாண்டியிடம் மூளைப்படம் வரைந்து இதை எல்லாம் விளக்கினேன். அவர் டீயை ஆற்றியபடியே சொன்னார்: "இதுக்குப் போயி மூளைய ஏன்வே இழுக்கீரு? ஏட்டையா ராத்திரி ரவுண்ட்ஸ் வருதாரு. அந்நேரம் நீரு வீட்டுல இல்ல. பூட்டுன வீட்டுல அவரு யாரைப் போயி எழுப்புவாரு?"

சென்ட்ரி தூங்க மாட்டான்

ஒரு சிவகிரிக்காரர் வந்தார், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையே ஒரு படைப்பிரிவு மாதிரி இருந்தது. படுத்த உடனே குறட்டை கிளம்பிவிட்டது. மைக்செட் காலத்தில் நான் வைத்திருந்த பெரிய ஸ்பீக்கருக்கு இவர் ஒருவர் போதும். நடுநடுவே மூச்சு நின்று, என் மூச்சையும் நிறுத்தி, மறுபடி கிளம்பும்.

காலையில், "ராத்திரி பூரா ஒரு பொட்டுத் தூங்கல, ரிப்போர்ட்ல எழுதிக்கிடுங்க" என்றார். நன்றாகத் தூங்கியும் தூங்கவே இல்லை என்று மனசாரச் சொல்கிறவர்கள் உண்டு. அது பொய் இல்லை, அவர்கள் மூளை அப்படித்தான் கணக்கு வைத்திருக்கும். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். விறைப்பாக நின்று முழுசும் பார்த்தார். பிறகு சொன்னார்: "படுத்திருக்கது நாந்தான், ஒத்துக்கிடுதேன். அந்தச் சத்தம் பக்கத்து ரூம்காரன்."

இரண்டு கோரிக்கை

ஒருவருக்கு மூச்சு அடைப்பு அதிகம் என்று டாக்டரம்மா காற்று முகமூடி கொடுத்தார். அதைப் போட்டதும் குறட்டை நின்றது. மறு வாரம் அவர் முயல் மாதிரி துள்ளிக்கொண்டு வந்தார். கூட வந்த அவர் மனைவிக்குத்தான் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

பழகின சத்தத்தைத் தூங்குகிற மூளை பொருட்படுத்தாது, அது திடீரென்று நின்றால்தான் காதைத் தூக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டார்கள். "சத்தம் கேட்டா ஆளு இருக்காருன்னு நிம்மதியா தூங்குவேன். இப்ப ராத்திரி பூரா மூக்குல விரல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார்கள். பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார்கள்: "மாஸ்க்க அவரு போட்டுக்கிடட்டும். நீங்க பிடிச்சு வச்சிருக்க கொறட்டைய இதுல ஏத்திக் குடுங்க தம்பி, நான் கேட்டுக்கிட்டே தூங்கிக்கிடுதேன்."

கட்டிலில் நான்

ஆனி மாதம், நல்ல சாரல். புது மிஷின் வந்திருந்தது. அன்றைக்கு வர வேண்டியவர் மழையைச் சொல்லி வரவில்லை. நர்ஸ் பேச்சித்தாய், "அண்ணாச்சி, நீங்க படுங்க. நான் வயர் ஒட்டிப் பழகிக்கிடுதேன்" என்றாள். நான் எங்கே தூங்கப் போகிறேன், சிக்னல் வருகிறதா என்று மட்டும் பார் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். ஜன்னலில் சாரல் விழும் சத்தம். அவள் லைட்டை அணைத்தது ஞாபகம் இருக்கிறது.

மெயின் அருவி. ஈ காக்கை இல்லை, நான் ஒருவன்தான் நிற்கிறேன். தலையில் தண்ணீர் இடிக்கிறது. எவ்வளவு காலமாக நிற்கிறேன் என்றே தெரியவில்லை. பாறை மேல் காக்கி உடுப்பு. விசில்.

"ஏலே, போதும்லே. வெளிய வா."

"இன்னுங் கொஞ்ச நேரம்ணே."

"எம்புட்டு நேரந்தான் நிப்ப? போனது நாந்தான்லா, நீ ஏம்லே வெறச்சுப் போயி நிக்க? தலையத் தொவட்டு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். அதைப் பிடிக்கத்தான் கையை நீட்டினேன், விழித்துக்கொண்டேன். விடிந்திருந்தது. பேச்சித்தாய் பஞ்சும் கையுமாகக் குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தல வயரு, தாட வயரு எல்லாம் ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கு அண்ணாச்சி. கண்ணு வயரு ரெண்டும் மட்டும் நனைஞ்சு கழண்டுட்டு. படுத்த படுக்கையிலயே எங்கன போயி குளிச்சிட்டு வாரிய?"

ஆகவே சக பாவிகளே, மூளையைப் பற்றி நான் படித்ததன் சாரம் இவ்வளவுதான்: விடிய விடியத் தூங்கினால் வர வேண்டியவர் யூனிபார்மோடு வந்துவிடுவார், கண்ணோரத்தில் மட்டும் பசையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.