கொயினாவுக்காக வைத்த பொட்டு

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், காஜா பெராங் டிஸ்பென்சரியில் நோயைப் பார்த்து மருந்து கொடுக்கிற வழக்கம் போய், ஆளைப் பார்த்துக் கொடுக்கிற சட்டம் வந்தது. சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவனின் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் குளிர்க்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை உண்டு. மற்றவர்களுக்கு வேப்பங்கொழுந்துதான். மருந்தைக் காட்டினால்தான் ஆள் ரயிலேறுவான் என்று மேலே எவனோ கணக்குப் போட்டிருந்தான். கொசுவுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அது எல்லாரையும் கடித்தது. கள்ளச் சந்தையிலும் கொயினா இருந்தது, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டை மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு.

ரோடு போடும் கூலி நல்லையாவிடம் மூட்டை ஏது? மகள் கோகிலாவை விடாமல் உலுக்கிய குளிர்க்காய்ச்சலுக்காகவே அவன் சயாமுக்குப் பெயர் கொடுத்தான். அவன் போன வாரத்திலிருந்து அவன் மனைவி அஞ்சலை கையில் மாத்திரை விழுந்தது.

ஆனால் ஆள் செத்தால் சலுகையும் செத்துவிடும். மருந்து கொடுக்கும் டிரெசர் அவள் பொட்டையும் தாலியையும் ஒரு நோட்டம் விட்டுத்தான் அலமாரியைத் திறப்பார்.

"ஊட்டுக்காரரு சேதி ஏதும் உண்டா?"

"நல்லா இருக்காராம் ஐயா."

ஒருநாள் நல்லையாவோடு போன பொன்னுதுரை, அழுகிய காலோடு தப்பி, பக்கத்திலிருந்த தெங்கேராவுக்கு வந்து சேர்ந்தான். கொல்லைப்பக்கமாக வந்து அஞ்சலையிடம் சொன்னான்.

"பேதி தங்கச்சி. நாங்கதான் மண்ணப் போட்டோம்."

உள்ளே பாயில் கோகிலா காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தாள். அஞ்சலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் வெளியே போனால் தெருவே கூடும். தெரு கூடினால் மருந்து போகும். மறுநாள் காலை முகம் கழுவி, பொட்டு வைத்து, டிஸ்பென்சரிக்கு நடந்தாள். அந்த மாதமே பொன்னுதுரையும் கண்ணை மூடினான். அதன்பிறகு அந்தச் சாவு அவள் ஒருத்திக்கு மட்டுமே நடந்த சாவாயிற்று. ஒப்பாரி இல்லை, கருமாதி இல்லை. கட்டினவனுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் இறைக்க விடாத அரசாங்கம் என்ன அரசாங்கமோ!

பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி அவளுக்கு உடன்பிறவாத அக்காள். மகள் கல்யாணத்துக்கு நலங்கு வைக்க அவளைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

"நீதான் அஞ்சல மொத மஞ்சள் பூசணும்."

மருந்துக்காகச் சட்டத்தை ஏமாற்றலாம். தாலியேறப்போகிற பெண் கன்னத்தில் அறுத்தவள் கை படலாமா? அஞ்சலைக்கு மனம் துணியவில்லை. தூரம் என்று பொய் சொன்னாள். கல்யாணத்தன்று உஜோங் பாசிரில் வேலை என்றாள். பாக்கியலட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"சயாம் மருந்து திங்கிற கொழுப்பு!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து காது பட ஏசினாள்.

அன்றோடு பேச்சு நின்றது. கிழங்கு வேகும் அடுப்பைத் தவிர அஞ்சலைக்குத் துணை இல்லை. அழவேண்டும்போலிருந்தால் அடுப்பை ஊதுவாள். புகை என்று பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அதே டிஸ்பென்சரி, அதே அலமாரி. டிரெசர் அவள் நெற்றியைப் பார்க்காமலே மாத்திரையை நீட்டினார். இனி எல்லாருக்கும் உண்டு என்றார். அஞ்சலை நேரே வீட்டுக்கு வந்து, பொட்டை அழித்து, தாலியைக் கழற்றிவிட்டு, பாக்கியலட்சுமி வாசலில் போய் நின்றாள்.

"அவரு செத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுக்கா."

பாக்கியலட்சுமி அவள் வெறும் நெற்றியைப் பார்த்தாள். நலங்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். "அடிப்பாவி, தனியாவா கெடந்த!" என்று கட்டிக்கொண்டு கதறினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். அஞ்சலை இத்தனை நாள் அடக்கியதையெல்லாம் கொட்ட வாயைத் திறந்தாள்.

கூட்டத்துக்குள் புகுந்து வந்த கோகிலா, இரண்டு கையாலும் அந்த வாயைப் பொத்தினாள்.

"அழாதம்மா. அப்பா செத்தது தெரிஞ்சா மருந்து குடுக்கமாட்டாங்க."