மருந்தக்காவும் ஆமா டீச்சரும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் டீச்சருக்கு வைத்திருந்த பெயர் ஆமா டீச்சர். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் கடைசியில் "ஆமாவா, இல்லையா?" என்று கேட்பது அவள் பழக்கம். "ஆமா டீச்சர்" என்று கூரை அதிரப் பதில் வரும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் பாடம் நடத்திய திருப்தி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு மூன்றாம் வகுப்புதான். மேல் வகுப்பு தருகிறேன் என்று தலைமையாசிரியை சொன்னபோதும் வேண்டாமென்று விட்டாள். பல் விழுந்து முளைக்கிற வயதில் பிள்ளைகள் டீச்சர் சொன்னதை அப்படியே நம்புவார்கள். நான்காம் வகுப்புக்குப் போனால் "எங்கப்பா வேற மாதிரி சொன்னாரே" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த நம்பிக்கையில் பங்குக்கு வந்து நின்றாள் அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் கணவனின் ஒரே தங்கை. மருந்தாளுநர் படிப்புப் படித்து, பள்ளிக்கு எதிர்வரிசையில் மருந்துக் கடை வைத்திருந்தாள். முதல் வகுப்புக் குழந்தை ஒன்று வீட்டில் இருமல் மருந்தைப் பாட்டிலோடு குடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தது. பெற்றோர் பதறியதில் தலைமையாசிரியை ஒரு முடிவெடுத்தாள். வாரத்துக்கு ஒரு வகுப்பு, மருந்தை எப்படிப் பத்திரமாகப் பயன்படுத்துவது என்று.

"மருந்துக் கடைக்காரங்களே வந்து சொன்னா பசங்க மனசுல பதியும். உங்க வீட்டுப் பொண்ணுதானே, உங்களுக்கும் பெருமை" என்றாள் தலைமையாசிரியை.

"ஆமாங்க, பெருமைதான்" என்றாள் டீச்சர். பெருமை தொண்டையில் மாட்டிக்கொண்டது.

மூன்றாம் வகுப்புக்கு வந்த முதல் நாளே நாத்தனார் ஒரு கை நிறைய வீட்டுக் கரண்டிகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். மருந்துப் பாட்டிலோடு வரும் அளவு மூடியில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, அதையே ஒவ்வொரு கரண்டியாக நிரப்பிக் காட்டினாள். ஒன்றில் வழிந்தது, ஒன்றில் பாதிகூட வரவில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"என்ன மருந்துன்னு தெரியல. என்ன பண்ணணும்?"

"தொடக் கூடாது, பெரியவங்கள கேக்கணும், மருந்தக்கா."

அதற்குள் பெயரும் வைத்தாகிவிட்டது. தனக்கு ஒரு பெயர் கிடைக்க முழு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த வேண்டியிருந்ததை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆமா டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை கணவன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "என் தங்கச்சி கிளாஸையே கட்டிப்போட்டுட்டாளாமே" என்றான்.

"யார் சொன்னா?"

"அவதான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்." பிஸ்கட் தட்டை அவன் கைக்கெட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பொறுத்துப் போயிருப்பாள். ஆனால் வகுப்பில் ரேடியோ என்றொரு சிறுமி இருந்தாள். வாயை மூடாமல் பேசுவதால் அந்தப் பெயர். காலையில் வந்ததும் வராததுமாக டீச்சர் காதில் வீட்டு நடப்பையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் பையைக் கழற்றுவாள். அந்த ரேடியோ ஒருநாள் பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

"என்னடி, இன்னிக்கு ஒலிபரப்பு இல்லையா?"

"இருக்கு டீச்சர். மருந்தக்கா வந்ததும் சொல்லிக்கிறேன்."

டீச்சருக்கு வயிறு எரிந்தது. எட்டு வயசுப் பிள்ளைக்காகவா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஆமா, எட்டு வயசுப் பிள்ளைக்காகத்தான்.

அடுத்த வாரம் மருந்தக்காவுக்குக் கடையில் சரக்கு இறங்கும் நாள். "அதனாலென்ன, நான் எடுக்கிறேன்" என்று டீச்சர் முந்திக்கொண்டாள். கரண்டிக் கூத்தைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும். வீட்டு அலமாரியில் கிடந்த பழைய மாத்திரைகளையும் கடையில் வாங்கிய மிட்டாய்களையும் இரண்டு தட்டுகளில் கொட்டி, பெரிய அட்டையில் கலந்து வரிசையாக ஒட்டினாள். மேலே கண்ணாடித்தாளை இழுத்துச் சுற்றி, யார் விரலும் நுழையாதபடி ஒட்டுநாடா போட்டாள். ஒட்டும்போது குறுக்கே போன கணவன் இரண்டு தட்டையும் எட்டிப் பார்த்து, "எது எதுன்னு உனக்காவது தெரியுமா?" என்றான். "வேலையைப் பாருங்க" என்று துரத்தினாள்.

எது மிட்டாய், எது மாத்திரை? அதுதான் விளையாட்டு. சரியாகச் சொன்னால் கன்னத்தில் ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கர்.

வகுப்பு தீப்பிடித்த மாதிரி ஆனது. பெஞ்சின் மேல் ஏறி நின்று கை தூக்கினார்கள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியையே வந்து வாசலில் நின்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நாத்தனாரும் வந்திருந்தாள். "அண்ணி எடுக்குறாங்கன்னா நான் பார்க்க வேணாமா?" என்றாள். அதில் கள்ளமே இல்லை. அதுவே டீச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நல்லா பாரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ரேடியோ எழுந்தாள். சுவரில் மாட்டிய அட்டையில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். மாத்திரை, மிட்டாய், மாத்திரை. கடைசியில் ஓர் ஆரஞ்சு நிற வில்லை. "மிட்டாய்."

"சரி" என்றாள் டீச்சர். கைதட்டல் அதிர்ந்தது.

"எனக்கு எல்லாமே தெரியும் டீச்சர். எங்க தாத்தா மருந்து டப்பாலகூட இதே மாதிரி இருக்கு. அது மிட்டாய்தான். இனிமே யாரையும் கேக்கவே வேணாம்."

பிள்ளைகள் மறுபடி கைதட்டினார்கள். தலைமையாசிரியையும் தட்டினாள். நாத்தனார் மட்டும் தட்டவில்லை. அவள் கண் அந்த ஆரஞ்சு வில்லையில் நின்றது. அண்ணி பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று சிரித்து, அப்புறம் பேசிக்கலாம் என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினாள்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. நாத்தனார் சபையில் காட்டிக் கொடுக்கிறவள் இல்லை. கைதட்டல், நட்சத்திரம், ரேடியோவின் சிரித்த முகம் எல்லாம் தனக்கே. வீட்டுக்குப் போய் ரேடியோ தாத்தாவின் டப்பாவைத் திறப்பாள், அவ்வளவுதான்.

"கடைசில இருக்கிறது என்ன? நீயே சொல்லிடு" என்றாள் டீச்சர், எல்லோருக்கும் கேட்கும்படி.

நாத்தனார் தயங்கினாள். "அண்ணி, அது..."

"சொல்லும்மா."

"அண்ணனுக்கு நான் கொடுத்த சத்து மாத்திரை, அண்ணி."

கைதட்டிய பிள்ளைகள் அட்டையை எட்டிப் பார்த்தார்கள்.

"கேட்டீங்களா? நானே எடுத்து, நானே ஒட்டினேன். எனக்கே தெரியல" என்றாள் டீச்சர். முகம் சுட்டது. "நான் வச்ச விளையாட்டே தப்பு. பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமே இல்ல இது. எல்லாரும் நட்சத்திரத்தக் கழட்டுங்க."

கழற்றினார்கள், ஆனால் மனசில்லாமல். "சரியாத்தானே சொன்னேன், நீங்கதானே சரின்னு சொன்னீங்க" என்று ரேடியோ உதட்டைப் பிதுக்கி அழுதாள். டீச்சர் அவள் அருகில் போனாள். ரேடியோ நகர்ந்துபோய் மருந்தக்காவின் வெள்ளைக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாத்தனார் செய்வதறியாமல் அண்ணியைப் பார்த்தாள். டீச்சர் திரும்பி அட்டையைச் சுவரிலிருந்து இறக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை பையைக் கழற்றாமலேயே ரேடியோ மேசைக்கு வந்தாள். கோபம் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. ஆனால் சேதியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது.

"டீச்சர், தாத்தா மருந்து டப்பாவ பீரோ மேல ஏத்தியாச்சு. நான் ஸ்டூல் போட்டாலும் எட்டாது."

"அட, யார் ஏத்தச் சொன்னது?"

"நான்தான். மிட்டாய் மாதிரியே மாத்திரை இருக்கும், பார்த்தா தெரியாதுன்னு சொன்னேன். முதல்ல தாத்தா கேக்கல. மருந்தக்கா சொன்னாங்கன்னு சொன்னேன், உடனே ஏத்திட்டாரு."

டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள், மூடினாள்.

"மருந்தக்காவா சொன்னாங்க?"

"நீங்கதான் சொன்னீங்க. உங்க பேரச் சொன்னா தாத்தா கேக்க மாட்டாரு டீச்சர்."

டீச்சருக்கு அந்தப் பீரோவின் உயரம் கண்ணில் வந்தது. ஸ்டூல் போட்டாலும் எட்டாத உயரம்.

"சரி, அப்படியே இருக்கட்டும்" என்றாள். "போய் உட்காரு."