காட்டுக்குப் போகாத நெவில்

பக்கத்து வீட்டு நெவிலை எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். எங்கள் ஊரான ஓல்டாமின் பஸ் டிப்போவில் காலமெல்லாம் எஞ்சின் ரிப்பேர் பார்த்தவன். மனைவி ஷீலா இறந்த பிறகு மாடிப் படுக்கைக்கே அவன் போகவில்லை. சமையலறைத் தரையில் கம்பளியை விரித்துப் படுத்தான். விடிந்தால் அழுகை. இதை என்னிடம் மட்டும்தான் சொன்னான், அதுவும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

டாக்டர் மாத்திரையோடு இன்னொன்றும் சொன்னார். ஊருக்கு வெளியே காட்டில் மனம் உடைந்தவர்கள் வாராவாரம் கூடுகிறார்கள். மரக்கன்று நடுவார்கள், நெருப்பு மூட்டி டீ குடிப்பார்கள். நெவில் மறுக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய விஷயம். ஆனால் சேர்ப்பதற்கு முன் போனில் பேசி நிலைமையைக் கேட்பார்களாம்.

மாதக்கணக்கில் காத்திருந்து அந்தப் போன் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். ஸ்பீக்கரில் பேசிய பெண் தன்மையாகத்தான் கேட்டாள். தூக்கம் எப்படி என்றாள். மோசமில்லை என்றான். சாப்பாடு? ஏதோ ஓடுகிறது. மனசு? குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் கால் உடைந்து கிடப்பவனும் இதையேதான் சொல்வான். அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டான். உங்களைவிடக் கஷ்டத்தில் இருக்கிறவர்கள் நிறையப் பேர், இடம் அவர்களுக்குத்தான் என்று அவள் முடித்துவிட்டாள். இவன் நன்றி வேறு சொன்னான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அலுவலகத்துக்கு நானே போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவரே தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள்.

"என்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லித் தொலையேன், நெவில்."

"முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட, அழுவுறேன்னா? போ பெரில், போய் உன் வேலயப் பாரு." பிறகு, "என்னவிட மோசமானவங்க இருக்காங்கல்ல, அவங்க போகட்டும்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் போனையே எடுப்பதில்லை. நான் கதவைத் தட்டினால் ஜன்னல் வழியாகக் கை காட்டுவதோடு சரி.

போன வாரம், வேண்டாத சாமான்களைத் தர்மத்துக்கு எடுத்துப்போகிறவர்களுக்காக அவன் வாசலில் ஒரு பை வைத்திருந்தான். மேலாகவே ஒரு ஜோடி பூட்ஸ், சேற்றில் போடுகிற கனத்த பூட்ஸ். விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. காட்டுக்குத்தான். எப்போதோ தனியாகக் கடைக்குப் போய், யாரிடமும் சொல்லாமல் வாங்கி வைத்திருக்கிறான். அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது படுபாவிக்கு. நான் அங்கேயே நின்று அழுதேன். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.